முன்கூட்டியே சொன்ன நன்றி

1

டேனியல் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபக் கூட்டத்துக்கான அழைப்பு ரூபியின் போனிலிருந்து வந்தது. எங்கள் சபைப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டிருந்தாள். ஓரத்தில் பூ, நடுவில் அண்ணன் படம், கீழே ‘முத்தாபுதுப்பேட்டை, எங்கள் இல்லத்தில். அனைவரும் வருக.’ அந்த ‘அனைவரும்’ என்பதில் நான் உண்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டே அடுப்பிலிருந்த பாலைப் பொங்கவிட்டேன். துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். எனக்கென்று தனியாக ஒரு வார்த்தை இல்லை. ரூபி என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

டேனியல் அண்ணன் ரூபியின் கணவர். ரூபி எனக்கு ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே தோழி. ஆவடிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கன்வென்ஷன் எதுவானாலும் அண்ணனுடைய மைக் செட் இருக்கும். சபையில் ஒலிபெருக்கியைச் சோதிக்கும்போது மற்றவர்கள் மாதிரி ஒன்று இரண்டு மூன்று சொல்ல மாட்டார். “அல்லேலூயா செக், அல்லேலூயா செக்” என்பார். யாராவது “ஆமென்” என்று பதில் சொல்லிவிட்டால், “உனுக்கு சொல்லல, பாக்ஸுக்கு சொன்னேன்” என்பார்.

நான் இருப்பது பெர்த்தில். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்து ஊர். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் வேலை பார்த்தவர். அந்த வேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டது. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு சபையில் எங்களுக்காக ஜெபித்து முடித்ததும் டேனியல் அண்ணன் கேட்டார்: “இன்னா தங்கச்சி, பெர்த்து பெர்த்துன்றியே, மேல் பெர்த்தா, கீழ் பெர்த்தா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். விமானம் வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே பாஸ்போர்ட்டைச் சபைக்கு எடுத்துக்கொண்டு போனவள் நான். வீட்டில் வைத்தால் எலி கடித்துவிட்டால் என்ன செய்வது?

என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இது போதும். இன்னும் ஒன்று. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வேதத்தை வாசித்து வாசித்துத்தான் எழுத்துக் கூட்டாமல் படிக்க வந்தது. எழுத உட்கார்ந்தால் அந்த நடையும் கூடவே வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவதற்கு முன்னால், அடுப்பைப் பற்றவைத்த கையோடு, அன்றைய வசனத்தையும் அதைப் பற்றி நாலு வார்த்தையும் ஒருத்தி குரலில் பதிந்து குழுவில் போட வேண்டும். ‘காலை வார்த்தை’ என்போம். அதைக் கேட்டுக்கொண்டே மற்றவர்கள் தோசை வார்ப்பார்கள். முதலில் முறை வைத்துத்தான் பேசினோம். போகப் போக எல்லாரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வெளிநாடு போகிறேன், இனி வேறு யாராவது பாருங்கள் என்று சொன்னபோது ரூபி விடவில்லை.

“நீ போனா இன்னாடி? வாயும் ஒன்கூடத்தான வருது? அங்கேர்ந்து பேசு. ஒன் கொரலு இல்லாம எனுக்கு மாவு புளிக்காது.”

அப்படித்தான் பெர்த்திலிருந்தும் காலை வார்த்தை போக ஆரம்பித்தது. ஆனால் இங்கே கடிகாரம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். அங்கே பால் பாக்கெட் வருகிற நேரத்தில் இங்கே நான் வேலையில் இருப்பேன். ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற பிரிவு. போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் விடியுமுன் பழைய போன் ஒன்றில் பேசிப் பதிந்து வைத்துவிடுவேன். மகள் கெசியா பள்ளிக்கூடம் புறப்படும்போது அதை அனுப்பிவிடுவாள். கேட்க மாட்டாள், அனுப்புவாள். தலை சீவிக்கொண்டே ஒரு விரலால் தட்டிவிட்டுப் போய்விடுவாள்.

கொஞ்ச நாளில் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டால்? அலாரம் அடிக்காமல் போனால்? முன்ஜாக்கிரதையாக ஒன்று கூடுதலாகப் பேசி வைத்தேன். பிறகு இரண்டு. கடைசியில் சனிக்கிழமைகளில் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, அடுத்த வாரம் முழுவதற்கும் பேசித் தீர்த்துவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கிழமையின் பெயர் வைத்துவிடுவேன். திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாக இருப்பதைப் பார்த்தால் ரேஷன் வாங்கி அடுக்கிவைத்த மாதிரி மனதுக்கு ஒரு நிம்மதி.

வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார் தேவன். நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்தவர்களுடையது புழு வைத்து நாறிப்போனது. இதைப் பற்றி நானே ஒரு காலை வார்த்தை பேசியிருக்கிறேன், நன்றாகவும் பேசினேன் என்றார்கள். அதைப் பேசியதும் ஒரு சனிக்கிழமைதான். மற்ற ஆறோடு சேர்த்து ஏழாவதாக.

3

டேனியல் அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். முகப்பேரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாயில் குழாய், பேச்சில்லை. ரூபி ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தாள். சபையில் உபவாசம். நானும் இங்கே துணி மூட்டைகளுக்கு நடுவில் உபவாசம் இருந்தேன். மேற்பார்வை பார்க்கிற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆப்பிள் கொடுத்தாள். வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாங்கி உடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயம் ஆவடிக்கு ஓர் ஊழியர் வந்திருந்தார். ஜெபித்ததைப் பெற்றுக்கொண்டோம் என்று விசுவாசிக்கிறவன் பதில் வருகிறவரைக்கும் காத்திருக்க மாட்டான், முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவான் என்று பிரசங்கம் பண்ணினார். சபை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. ‘சுகமாக்கினபடியால் ஸ்தோத்திரம்’ என்று எல்லாரும் குழுவில் போட ஆரம்பித்தார்கள். புதன்கிழமை குழாயை எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாக ரூபி எழுதியிருந்தாள். எனக்கு அவ்வளவு போதுமாயிருந்தது.

சனிக்கிழமை காருக்குள் உட்கார்ந்தேன். வியாழனுக்கு வந்தபோது பேதுருவின் மாமியாரை எடுத்துக்கொண்டேன். ஜுரமாய்க் கிடந்த அம்மாளை இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார். எழுந்தவள் ஓய்வெடுக்கவில்லை, நேராக அடுப்படிக்குப் போகிறாள். அதைப் பேசிவிட்டு, அதே மூச்சில் சொன்னேன்: நம்முடைய டேனியல் சகோதரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், ரூபி சகோதரி கையால் கஞ்சி குடித்தார், வருகிற ஞாயிறு மைக் செட் கட்ட வருகிறார், அவரை எழுப்பினவருக்கு ஸ்தோத்திரம். கஞ்சி வரைக்கும் சொன்னேன். சொல்லும்போது உடம்பு சிலிர்த்தது. ஆவியானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. வியாழக்கிழமை நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்து, போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அங்கே அண்ணன் போய்விட்டார். விடிவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே கெசியா தலை சீவிக்கொண்டே ‘வியாழன்’ என்றிருந்ததைத் தட்டிவிட்டாள்.

ரூபி வீட்டில் அடுப்புக்கு மேல் பலகையில் போன் இருக்கும். காலை வார்த்தை வந்தால் அதை சத்தமாய்ப் போட்டுவிடுவது அந்த வீட்டுப் பழக்கம். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு டீ போட அடுப்படிக்குள் போன ரூபியின் தங்கை பழக்கதோஷத்தில் போட்டுவிட்டாள். அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணன். வீடு கொள்ளாத ஜனம். நடுவில் என் குரல்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டபோதுதான் பெட்டியைத் திறந்து போனைப் பார்த்தேன். முதலில் மரணச் செய்தி. அதற்குக் கீழே என் காலை வார்த்தை இருந்த இடத்தில் ‘அட்மின் நீக்கிவிட்டார்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே, எதையும் கேட்காமலே தினமும் பதில் போடுகிற தங்கம்மா ஆயா, ‘ஆமென் அல்லேலூயா’ என்று ரோஜாப்பூ போட்டிருந்தார்கள்.

4

மறுநாள் வேலைக்குப் போனேன், வேலை ஓடவில்லை. துக்க விடுமுறை கேட்டேன். இறந்தது யார் என்று கேட்டார்கள். அண்ணன் என்பதை இவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வேன்? “மை பிரதர்” என்றேன். உடனே அந்த மேற்பார்வை அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள் என்றாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. இறப்புச் சான்றிதழ் கேட்டால்? அதில் அப்பா பெயர் வேறாக இருக்குமே? விசாவைத் தொட்டுவிடுமோ? துக்கத்தோடு சேர்த்து இந்தப் பயத்தையும் நாள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ரூபிக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. அவள் தங்கை எடுத்து, “அப்பால பேசிக்கலாங்க்கா” என்றாள். ‘க்கா’ என்று சொன்னாளே, கோபம் இல்லை போலும் என்று நினைத்தேன். அப்புறம், பழக்கத்தில் வந்த ‘க்கா’வாக இருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கெசியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடந்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது. பழைய போனில் இருந்ததை அப்போதுதான் முதல் தடவையாக முழுசாகக் கேட்டிருக்கிறாள்.

“மம்மி, அவர் எழுந்துட்டார்னு ஏன் சொன்னீங்க? எழலையே.”

“அது விசுவாசம்மா. நடக்கும்னு நம்பி முன்னாடியே தேங்க்ஸ் சொல்றது.”

“நம்புனீங்களா?”

“பின்ன?”

“அன்னிக்கு கார்லேர்ந்து வந்ததும் வெள்ளைப் புடவைய எடுத்து அயர்ன் பண்ணீங்களே. நான் பார்த்தேன்.”

எங்கள் சபையில் துக்கத்துக்கு வெள்ளைதான் கட்டுவோம். சனிக்கிழமை, உடம்பு சிலிர்க்க நன்றி சொல்லி முடித்த கையோடு, இங்கே இருக்கிற சபையில் திடீரென்று நினைவு ஆராதனை ஏதாவது வைத்தால் கட்டிக்கொள்ள வேண்டுமே என்று அந்தப் புடவையை எடுத்துத் தேய்த்து மாட்டியவள் நான்தான். இரண்டையும் ஒரே மத்தியானத்தில் செய்தேன். செய்யும்போது ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று தோன்றவேயில்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் காருக்குள் நான் பேசியது விசுவாசத்தில் அல்ல. பயத்தில். அண்ணன் செத்துவிடுவாரோ என்ற பயம் தாங்க முடியாமல், அவர் பிழைத்துவிட்டார் என்று முந்திக்கொண்டு சொல்லி, தேவனுக்கு வேறு வழி இல்லாமல் செய்யப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஸ்தோத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நானாகத் தெரிந்துகொண்டதல்ல. சபைக்கு வர மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் வேலை இருக்கிறது என்று சொல்கிற என் மகள், ஒரு இஸ்திரிப் பெட்டியைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

5

அதற்குப் பிறகு நான் காலை வார்த்தை பேசவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. பாஸ்டரம்மா யாரோ பெரிய ஊழியக்காரருடைய வீடியோவைத் தினமும் போட ஆரம்பித்தார்கள். பின்னணியில் இசை, அருவி, சூரியோதயம் எல்லாம் இருக்கும்.

வேத வாசிப்பை விடவில்லை. விடவில்லை என்றுதான் சொல்ல முடியும். விடிவதற்கு முன் எழுந்து திறந்து வைப்பேன். கண் வரியின் மேல் போகும், மனம் பள்ளிக்கூட மீட்டிங்குக்கும் கார் இன்ஷூரன்ஸுக்கும் போய்விடும். ஒரு அதிகாரம் முடிந்திருக்கும், யார் யாரைப் பெற்றார் என்பது கூடத் தெரிந்திருக்காது. மறுபடி முதலிலிருந்து. பெத்தானியாவில் மார்த்தாள் பலவற்றைக் குறித்துக் கவலைப்பட்டாள் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பலவற்றில் என்னென்ன இருந்தன என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அவளுக்குக் கவலைப்பட நியாயம் இருந்தது என்று நாலு பேராவது ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

விசுவாசத்தில் அசையாமல் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. நான் நிற்பது ஆவடி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற மாதிரிதான். மேல் கம்பியைப் பிடித்திருக்கிறேன், கையை எடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் யார் மேலாவது போய் மோதுகிறேன். இதற்கு உறுதி என்று பெயர் வைக்கலாமா? தெரியவில்லை.

இங்கே தமிழ்ச் சபை ஒரு வாடகை மண்டபத்தில் கூடுகிறது. வெள்ளைக்காரர்கள் ஆராதனை முடித்துக் கிளம்பியதும் நாங்கள் உள்ளே போக வேண்டும். நாகர்கோவில்காரர்கள், நெல்லைக்காரர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒரு தடவை சாட்சி சொல்ல எழுந்தபோது, வாய் தவறி “கர்த்தர் கிருபை கீது” என்று சொல்லிவிட்டேன். முன் வரிசையில் ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிலிருந்து அங்கே எழுந்தால் பிரசங்கத் தமிழ்தான். எங்கள் ஊர் பேச்சை வீட்டு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவேன்.

வேலையிடத்தில் மட்டும் ஒன்று உண்டு. முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவர் துணியிலும் பெயர் தைத்திருக்கும். மடிக்கும்போது அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லி, ஆண்டவரே இவரைப் பாரும் என்று நினைத்துக்கொள்வேன். எவராவது இறந்தால் அவர் துணிகள் கடைசியாக ஒருமுறை கீழே வரும். வெளுத்து, மடித்து, குடும்பத்துக்குக் கொடுப்போம். அப்போது என்ன சொல்வது என்று தெரியாமல் சும்மா மடிப்பேன். அப்படிச் சும்மா மடிக்கிற நேரத்தில்தான், அந்த ஒரு வருஷத்தில், பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. மற்ற நேரத்தில் இல்லை.

6

அழைப்பைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: “போய்ட்டு வா. ரூபி தொரத்துனா தொரத்தட்டும். தொரத்துனான்னாவது தெரிஞ்சிட்டு வரலாமில்ல? தெனம் இங்க உக்காந்து என் உயிர எடுக்கறியே.” பள்ளி விடுமுறை என்பதால் கெசியாவும் கூட வந்தாள். வருகிறேன் என்று அவளாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டால் மனதை மாற்றிக்கொள்வாளோ என்று நான் கேட்கவில்லை.

தம்பி ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தான். குமணன்சாவடியில் வண்டி நகரவில்லை. மெட்ரோ ரயில் வேலையில் ஊரே தூணும் பாலமுமாக மாறிக் கிடந்தது. முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் ரூபியிடம் என்ன பேசுவது என்று வாய்க்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்று விதமாகத் தயார் செய்தேன். அவள் அழுதால் ஒன்று, திட்டினால் ஒன்று, பேசாமல் இருந்தால் ஒன்று.

பேசாமல்தான் இருந்தாள். தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். மைக் செட் வேறு யாரோ கட்டியிருந்தார்கள். கூட்டம் முழுக்க கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பாஸ்டர் கடைசிவரை நிலைத்திருப்பதைப் பற்றிப் பேசினார். ரூபி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டே வந்தவள் எனக்கும் ஒரு டம்ளரை நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை. தயார் செய்து வைத்திருந்த மூன்றில் எதுவும் அந்த டம்ளருக்குப் பொருந்தவில்லை. “தேங்க்ஸ்” என்றேன். யாரோ அந்நிய வீட்டில் சொல்கிற மாதிரி.

7

மறுநாள் விடிந்ததும் நானே போனேன். தம்பி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கெசியாவும் பின்னாலேயே வந்தாள். ரூபி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுப்படியில் அவள் மட்டும்தான் இருந்தாள். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.

“வா,” என்றாள், திரும்பாமல். “செருப்பு சத்தத்துலயே தெர்து.”

நான் வாயைத் திறப்பதற்குள் கெசியா முந்திக்கொண்டாள். “ஆன்ட்டி, அன்னிக்கு அத சென்ட் பண்ணது நான். மம்மி ஒர்க்ல இருந்தாங்க. சாரி.”

ரூபி கரண்டியோடு திரும்பினாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீயா அனுப்ன?”

“ஆமா.”

“அதுல இன்னா கீதுன்னு கேட்டியா?”

“இல்ல. எப்பவும் கேக்க மாட்டேன்.”

“கேக்காமயே அனுப்ன. சரி. கேக்காமயே ஆமென் போட்ட தங்கம்மா ஆயாவுக்கு நீ எவ்ளோ மேலு. நீ வந்து சொல்ற. அது இன்னும் தெனம் பூ போட்டுகினுதான் கீது.” வெங்காயத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். “ஒக்காரு. வெங்காயம் உரிப்பியா?”

கெசியா உரித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“ரூபி, என் மேல கோவமா கீறியான்னு...”

“கோவமாத்தான் கீறேன். இல்லன்னு சொல்லி ஒன்ன சந்தோசமா ஏரோப்ளேன் ஏத்தி அனுப்பணுமா?” மாவை ஊற்றினாள். “எம் புருசன் பொட்டில படுத்துகினு கீறாரு. நீ எழுந்துட்டாரு, கஞ்சி குடிச்சாருன்ற. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தேன்டி. தெர்தா ஒனக்கு? மெய்யாலுமே எழுந்துட்டாரான்னு பாத்தேன்.”

“பயந்துகினு சொல்லிட்டேன் ரூபி. நம்பிச் சொல்லல. பயத்துல சொன்னேன்.”

“அது எனுக்குத் தெரியாதா? சின்னதுலேர்ந்து ஒன்ன பாக்கறேன். மழ வர்றதுக்கு முன்னாடியே கொடைய விரிச்சிகினு நிக்கற கேஸு நீ.” தோசையைத் திருப்பிப் போட்டாள். சத்தமாகத் திருப்பினாள். “அத்த கூட மன்னிச்சிட்ருப்பேன். ஒரு மாசம், ரெண்டு மாசம் பேஜாராதான் இருந்துது. அப்பறம் ஒரு நாளு காலீல அடுப்பாண்ட வந்து நிக்கறேன், வூடு அப்டியே கம்முனு கீது. அவரு பாத்ரூம்ல கத்தற பாட்டும் இல்ல. ஒன் கொரலும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே நாள்ல பூட்டீங்க. அவரு போனாரு, ஆண்டவர் இட்டுகினு போனாரு. நீ எங்கடி போன?”

“நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு பேசறது?”

“மூஞ்சிய யாரு கேட்டா? கொரலத்தான கேட்டேன். இப்ப ஒரு ஆளு வர்றாரு, அருவியெல்லாம் கொட்டுது. நல்லாதான் பேசறாரு. ஆனா எனுக்கு அருவி எதுக்கு? நீ பேசுனா நடுவுல மூக்க உறிஞ்சுவ, பின்னால ஏதாச்சும் வண்டி போவும். ஒரு மனுசி பேசறான்னு இருக்கும்.”

தோசையை எடுத்துக் கெசியாவின் தட்டில் போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள். அடுப்புக்கு மேலிருந்த பலகையிலிருந்து போனை எடுத்து, குழுவைத் திறந்து, என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“பேசு.”

“இப்பவா? நான் ஒன்னும் தயார் பண்ணலியே.”

“பண்ணாமப் பேசு. தயார் பண்ணிப் பேசித்தான அவர எழுப்பி ஒக்கார வெச்ச?”

கெசியா வெங்காயத்தை உரிப்பதை நிறுத்திவிட்டாள். ரூபி பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திரையில் சிவப்புப் புள்ளி துடிக்க ஆரம்பித்தது. வசனம் தேடினேன். அவ்வளவு சங்கீதங்களில், அத்தனை வருஷ வாசிப்பில், ஒரு வரி கூட வரவில்லை. கல் புகைந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அதுவெல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. ஆவடியில் எத்தனையோ அடுப்படிகளில் இதைப் போட்டுக் கேட்கப்போகிறார்கள் என்பதும்.

“ஆண்டவரே,” என்றேன். “எனுக்கு பயமா கீது. நீ கீறன்னு தெரியும். தெரிஞ்சும் பயமா கீது.”

நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான் என்று கையைக் காட்டினேன். ரூபியின் கண் நிறைந்திருந்தது. கட்டைவிரல் அசையவில்லை.

“ம்,” என்றாள். “மேல சொல்லு.”